ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எழுதுங்கள்
நாட்குறிப்பு தொடங்கும் இளையவர்களுக்குச் சில அறிவுரைகள்

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து திருமுறை வகுப்புக்கு உட்காரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்கள்: "ஐயா, ஆன்மிக நாட்குறிப்பு எழுத ஆசை. என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை." ஜாசின், மெர்லிமாவ் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஆயர் குரோ தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, சீருடையோடு நேரே கோயிலுக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். நான் எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்லுகிறேன். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு சொல்லை வைத்து உங்கள் நாளை எழுதுங்கள்.

மலாயா மண்ணில் வாழ்ந்த இரண்டு பெரியவர்களிடமிருந்து இந்த வழியை நான் எடுத்துக்கொண்டேன். ஒருவர் சுவாமி சிவானந்தர். 1887இல் பத்தமடையில் பிறந்த அவர், துறவு பூணுவதற்கு முன் டாக்டர் குப்புசாமியாக நம் மலாக்காவுக்குப் பக்கத்து மாநிலத்தில், சிரம்பானுக்கு அருகே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். மற்றவர் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தர். நாட்குறிப்பு எழுதும் முறை முன்னவர் கொடுத்தது. ஒரே சொல்லோடு உட்காரும் முறை பின்னவர் கற்பித்தது. இரண்டையும் சேர்த்துப் புதியவர்களுக்கு ஏற்றபடி சொல்லுகிறேன்.

1. நீங்கள் இடறி விழுகிற இடத்திலிருந்து சொல்லை எடுங்கள்.

முதல் நாளே முக்தி, பேரானந்தம், ஞானம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் ஏசும்போது பேரானந்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அந்த நேரத்தில் கைகொடுக்கிற சொல் வேண்டும். நிதானம், நேர்மை, பணிவு, நன்றி, கேட்பது, விடுவது போல ஒன்று. கடந்த ஒரு வாரத்தில் எந்த இடத்தில் உங்களுக்கே உங்களைப் பிடிக்காமல் போனது என்று யோசித்துப் பாருங்கள். சொல் அங்கேதான் இருக்கும்.

2. வீட்டில் புழங்கும் சொல்லாக இருக்கட்டும்.

அகராதியைத் திறக்காதீர்கள். "சகிப்புத்தன்மை" என்று யாரும் தனக்குள் பேசிக்கொள்வதில்லை. உங்கள் பாட்டி "கொஞ்சம் பொறு" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் "பொறு" போதும்.

3. சந்தேகமாக இருந்தால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

உங்களுக்கு எது குறை என்று மனைவிக்கும் தங்கைக்கும் உடனே தெரியும். கேட்டபிறகு வாதாடாதீர்கள்.

4. இந்த நாட்குறிப்பை இறைநாமம் எழுதும் நோட்டோடு குழப்ப வேண்டாம்.

தோட்டத்து வீடுகளில் "ஸ்ரீராமஜெயம்" எழுதிய நோட்டுகளையும் "ஓம் நமசிவாய" எழுதிய நோட்டுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அம்மாக்கள் சாமி மேடைக்கு முன் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதற்கு லிகித ஜபம் என்று பெயர். சிவானந்தர் அதை மிகவும் வலியுறுத்தினார். பேசாமல், இடம் மாறாமல், கண்ணை நோட்டைவிட்டு எடுக்காமல், எழுதும்போதே மனத்துக்குள் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு தினமும் எழுதச் சொன்னார். அப்படி எழுதிய நோட்டுகளை வாங்கிப் பாதுகாக்க காசியில் ராம ரமாபதி வங்கி என்றே ஓர் இடம் உண்டு. அங்கே சேமிப்பு முழுவதும் ராமநாமம்தான்.

அம்மா அந்த நோட்டை எழுதுகிறார் என்றால் தயவுசெய்து "இதனால் என்ன பயன்" என்று கேட்காதீர்கள். விடியற்காலையிலிருந்து நிரை நிரையாக ரப்பர் மரம் வெட்டிவிட்டு, பால் வாளி தூக்கிக் காய்த்துப்போன கைகள் அந்த எழுத்தில்தான் இளைப்பாறின. எழுதப் படிக்க அதிகம் வாய்க்காத பல பெண்கள் தமிழெழுத்தைக் கையிலிருந்து நழுவவிடாமல் வைத்திருந்ததும் அந்த நோட்டால்தான் என்பது என் நம்பிக்கை. நீங்களும் அதைச் செய்யலாம்.

நான் சொல்லும் நாட்குறிப்பில் சொல் ஒரே ஒருமுறை, பக்கத்தின் தலைப்பில் மட்டும் வரும். அதற்குக் கீழே உங்கள் நாள் வரும். நாமத்தை எழுதுகிறவர் எழுதும் நேரத்துக்கு உலகத்தை ஒதுக்கி வைக்கிறார். இங்கே உலகம் முழுவதையும் நோட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வீட்டுச் சண்டையும், ஓவர்டைம் சம்பளமும், பாசாரில் யாரோ சொன்ன சுடுசொல்லும் இதில் எழுதத் தக்கவைதான்.

5. எழுதுவதற்கு முன் சொல்லோடு சும்மா உட்காருங்கள்.

1950களின் நடுவில் ஜான் மெயின் என்ற ஓர் இளைஞர் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் வேலை பார்க்க மலாயாவுக்கு வந்தார். கத்தோலிக்கர். அலுவலக வேலையாகச் சுவாமி சத்தியானந்தரைப் பார்க்கப் போனவர், வந்த வேலை முடிந்ததும் பிரார்த்தனையைப் பற்றிப் பேச்செடுத்தார். சுவாமி அவருக்குத் தத்துவம் எதுவும் விளக்கவில்லை. ஒரு சொல்லை எடுத்துக்கொள், உட்கார்ந்த நேரம் முழுவதும் மனத்துக்குள் அதையே சொல், காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என்றார். நீ கிறிஸ்தவன், உன் சமயத்துச் சொல்லையே எடுத்துக்கொள் என்றும் சொன்னார். வாரம் ஒருமுறை வரச்சொல்லிப் பக்கத்திலேயே உட்கார வைத்துத் தானும் தியானம் செய்தார்.

ஜான் மெயின் பிறகு பெனடிக்ட் சபைத் துறவியானார். மடத்தில் சேர்ந்த புதிதில் இந்த முறையை விட்டுவிடச் சொன்னார்கள், விட்டார். பல ஆண்டுகள் கழித்து, சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜான் காசியன் என்ற துறவியின் எழுத்துகளைப் படித்தபோது, ஒரே சிறு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கம் தன் சபையின் வேர்களிலேயே இருந்ததைக் கண்டார். மறுபடி தொடங்கினார். 1975இல் லண்டனில் ஒரு தியான மையம் வைத்தார். "மாரநாதா" என்ற சொல்லைத் தன்னிடம் வந்தவர்களுக்குக் கற்பித்தார். 1982இல் அவர் காலமான பின்னும் அந்த முறை பல நாடுகளில் தொடர்கிறது. அந்த வழியின் தொடக்கம் கோலாலம்பூரில் ஒரு தமிழ்த் துறவியின் அறை. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம் பள்ளிகளில் இதைக் கதையாகவாவது சொல்ல வேண்டும்.

புதியவர்களுக்கு அரைமணி வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். நோட்டை மடியில் மூடி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சொல்லை மெல்ல மனத்துக்குள் சொல்லுங்கள். கடன் நினைப்பு வரும், கைத்தொலைபேசி நினைப்பு வரும். விரட்ட வேண்டாம். சொல்லுக்குத் திரும்புங்கள். அதன்பிறகு பேனாவை எடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு எழுதினால் பக்கம் புலம்பலாகப் போய்விடும். பலருடைய நோட்டில் பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன்.

6. நடந்ததை எழுதுங்கள். உணர்ந்ததைப் பிறகு பார்க்கலாம்.

இந்த அறிவுரையைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். தோட்டத்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் எழுந்த தோட்டங்களில் நம் தாத்தா பாட்டியின் உழைப்பு செக்ரோல் என்ற பதிவேட்டில்தான் ஏறியது. பாலை நிறுத்ததும் பெயரும் எடையும் அதில் போகும். இவள் இன்று மனம் நொந்து உழைத்தாள் என்று எந்தக் கிராணியும் எழுதியதில்லை. அந்தக் கணக்கு அவளுக்கு நியாயம் செய்ததா என்பது வேறு பேச்சு. ஆனால் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள அந்தக் கறார் உதவும். நேரம், இடம், யார், என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

பலர் இப்படித் தொடங்குவார்கள்: "இன்று பொறுமையின் அருமையை உணர்ந்தேன். மனம் நிறைந்தது. இறைவனுக்கு நன்றி." மூன்று மாதம் கழித்துப் படித்தால் அது எந்த நாள் என்றே தெரியாது.

வகுப்புக்கு வரும் ஒரு தாய், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்று அனுமதி கொடுத்து எனக்குப் படித்துக்காட்டிய பக்கம் இது. தலைப்பில் "பொறு" என்று இருந்தது. கீழே: "காலை ஆறே முக்கால். மகன் பள்ளிச் சப்பாத்து காணோம் என்றான். பஸ் போய்விடும் என்று கத்தினேன். சப்பாத்து நான் காயவைத்த இடத்தில், அடுப்படிக்குப் பின்னால் இருந்தது. அவன் சாப்பிடாமல் போய்விட்டான். சாயந்திரம் அவனுக்குப் பிடித்த மீ கோரெங் வாங்கி வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை."

அவ்வளவுதான் பக்கம். அந்தக் கடைசி இரண்டு சொற்களை எழுதும்போது கை நின்றுவிட்டது என்றார் அந்த அம்மா. மீ கோரெங் வாங்கியதோடு கணக்கு முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம். சொல் தலைப்பில் இருந்ததால், நடந்ததை நேராக எழுதியதால், முடியவில்லை என்பது தெரிந்தது. எந்த உபதேசமும் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்காது என்று நான் உறுதியாகச் சொல்லுவேன்.

7. டாக்டரின் கேள்விகளைப் பார்த்து மூன்று கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள்.

1913 முதல் 1923 வரை மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மருந்து கொடுத்த குப்புசாமி, 1924இல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் பெற்றார். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். தன்னிடம் வந்த சாதகர்களுக்கு அவர் கொடுத்த ஆன்மிக நாட்குறிப்பைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டைதான் எனக்கு ஞாபகம் வரும். ஒரு பக்கம் கேள்விகள், மறுபக்கம் மாதத்தின் தேதிகள். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், எத்தனை மாலை ஜபம், எவ்வளவு நேரம் மௌனம், எத்தனை பொய், எத்தனை தடவை கோபம் என்று வரிசையாகக் கேட்பார். எந்த நற்குணத்தை வளர்க்கிறாய், எந்தத் தீக்குணத்தை விலக்கப் பார்க்கிறாய் என்ற கேள்விகளும் உண்டு. நம்முடைய ஒரு சொல் அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் பிறக்கிறது.

முழு அட்டவணையும் தொடக்கத்தில் வேண்டாம். அத்தனை கட்டங்களையும் நிரப்ப முயன்றவர்கள் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தின் அடியில் மூன்று மட்டும் எழுதுங்கள். இன்று சொல் எத்தனை தடவை நினைவுக்கு வந்தது? எத்தனை தடவை அதை மீறினேன்? யாரிடம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது? முதல் இரண்டுக்கும் எண் போதும். மூன்றாவதற்கு ஒரு பெயர்.

சிவானந்தரின் அட்டவணையில், தவறுக்கு உனக்கு நீயே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டாய் என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆசிரமத்தில், குருவின் கண்ணெதிரில் இருப்பவர்களுக்கு அது ஏற்றது. தனியாக எழுதும் உங்களுக்கு நான் அதைத் தரமாட்டேன். பட்டினி கிடப்பதைவிட, திட்டிய ஆளிடம் போய் ஒரு வார்த்தை பேசுவது கடினம். அதைச் செய்யுங்கள்.

8. நேரத்தை ஷிப்டுக்கு ஏற்றபடி வையுங்கள்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால், இரவு வேலைக்காரர்கள் தங்களால் முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். பத்து பிரண்டாமில் காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வருகிறவருக்கு ஏழரைதான் இரவு. குளித்துவிட்டுப் படுப்பதற்கு முன் எழுதட்டும். எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் கம்பெனி பஸ்ஸிலேயே எழுதலாம், எழுத்து கோணலாக வந்தால் பரவாயில்லை. எழுதும் நேரத்தை வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரே இடத்தில் வையுங்கள்.

9. ஒரு சொல்லை ஒரு மண்டலமாவது வைத்திருங்கள்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் இளம்வயதில் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, ஒரு சிறு நோட்டில் கட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு குணம் என்று கவனித்தார். தவறிய இடத்தில் கரும்புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. அவருடைய ஒழுங்கை மதிக்கிறேன், ஆனால் வாரம் ஒரு சொல் என்பது எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் வாரம் ஆர்வத்தில் ஓடிவிடும். இரண்டாம் வாரம் சலிப்பு வரும். சலிப்புக்குப் பின்னால்தான் உண்மையான பக்கங்கள் வருகின்றன.

நமக்கு விரதக் கணக்கு தெரியும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் வையுங்கள். நடுவே நின்று பார்க்க ஒரு திருவிழாவை அடையாளமாக வையுங்கள். தைப்பூசத்தில் தொடங்கினால் மாசி மகத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கிடைக்கும். செங் ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு முருகன் ரதம் போகும் அந்த மாசி மகத்தன்று, கூட்டத்தில் நின்றபடியே அதுவரை எழுதியதை நினைத்துப் பார்க்கலாம். மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றாலும் அதே சொல்லோடு மண்டலத்தை முடியுங்கள்.

நடுவில் சொல்லை மாற்றாதீர்கள். "இது எனக்குப் பொருந்தவில்லை ஐயா" என்று வருகிறவர்களில் பலருக்குச் சொல் நன்றாகப் பொருந்திவிட்டிருக்கிறது. அதனால்தான் வலிக்கிறது.

10. விட்டுப்போன நாளை வெறுமையாகவே விடுங்கள்.

தேதியை மட்டும் போட்டுப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். மறுநாள் உட்கார்ந்து நேற்றையதைக் கற்பனை செய்து நிரப்பாதீர்கள்.

11. உங்கள் சொல்லால் மற்றவர்களை அளக்காதீர்கள்.

"நேர்மை" என்று எழுதத் தொடங்கிய பத்தாம் நாள் வீட்டில் இருப்பவர்களின் பொய்கள் எல்லாம் கண்ணில் படும். "நன்றி" எடுத்தவருக்குத் தன் தம்பி நன்றி கெட்டவன் என்று தோன்றும். நோட்டின் பக்கங்களில் "அவன்", "அவள்" என்ற சொற்கள் "நான்" என்பதைவிட அதிகமாக வருகின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வந்தால் சொல் கைமாறிவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

12. வேற்றுச் சமயத்து நண்பர் கேட்டால் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள்.

மலாக்கா நகரத்தில் துக்காங் எமாஸ் சாலையில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. வெளியே வந்து சில அடி நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல், இன்னும் கொஞ்சம் போனால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். பள்ளிவாசலுக்குப் போகிறவர் திக்ரில் இறைவன் பெயரைத் திரும்பச் சொல்லுகிறார். சீன பௌத்தர் அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லுகிறார். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இந்தத் தெருவுக்குப் புதிதல்ல. சத்தியானந்தர் காட்டிய பெருந்தன்மையோடு, அவரவர் சொல்லை அவரவர் தேடிக்கொள்ள விடுங்கள்.

13. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

பிறர் படிப்பார்கள் என்று தெரிந்த மறுகணமே கை அலங்காரமாக எழுதத் தொடங்கிவிடும். சொல்லை வேண்டுமானால் ஒருவரிடம் சொல்லுங்கள். பக்கம் உங்களுக்கு மட்டும்.

14. நோட்டுக்கு மீறிய பாரம் என்றால் மனிதரிடம் போங்கள்.

வீட்டில் குடி, அடி, தாங்க முடியாத இழப்பு, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு. இவை பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். "பொறு" என்று எழுதிக்கொண்டு அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தச் சொல்லே விலங்காகிவிடும். அவள் அதைத் தலைப்பிலிருந்து அடித்துவிட்டு வெளியே வர வேண்டும். அரசாங்க கிளினிக் டாக்டரிடம் சொல்லுங்கள், மன உளைச்சலைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைக் கூப்பிடுங்கள், நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம், அக்காவிடம் சொல்லுங்கள். என்னிடம் வந்தாலும் கேட்கக் காத்திருக்கிறேன், எந்த நேரமானாலும் சரி. போலீசுக்குப் போக வேண்டிய விஷயம் என்றால் கூடவே வருவேன்.

15. மண்டலம் முடிந்த மறுநாள் எதையும் எழுத வேண்டாம்.

அன்று முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படியுங்கள். அடியில் எழுதிய பெயர்களை ஒரு தாளில் தனியாக எடுத்து எழுதுங்கள். சில பெயர்கள் ஒருமுறைதான் வந்திருக்கும். ஒரு பெயர் மட்டும் பல பக்கங்களில் வந்திருக்கும், பெரும்பாலும் அப்பா, அண்ணன், மாமியார் இவர்களில் ஒருவராக இருக்கும். அவரை நேரில் போய்ப் பாருங்கள். தோட்டத்தை விட்டு ஊர் ஊராகச் சிதறிப்போன குடும்பங்களில் இதற்காக ஒரு நாள் லீவு எடுக்க வேண்டியிருக்கும், எடுங்கள். போய்வந்தபிறகு அடுத்த சொல்லை யோசிக்கலாம். பழைய நோட்டை வைத்திருப்பதும் எரித்துவிடுவதும் உங்கள் விருப்பம்.